ஓட்டையை மூடியவள்

பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் என்னை 'ஓட்டை' என்று கூப்பிட்டார்கள். ஏழாம் வகுப்பில் ஆரம்பித்தது, பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போன பிறகுதான் நின்றது. அந்தப் பெயர் எதனால் வந்தது என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு பிளாப்பியின் மூலையில் பட்டாணி அளவுகூட இல்லாத ஓர் ஓட்டையை நான் மூடினேன். மூடினேன்தான், இல்லை என்று என்றைக்கும் சொன்னதில்லை. ஆனால் அதற்காக ஒன்பது குடும்பத்தின் வயிற்றெரிச்சலையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் கொட்டினார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

பிளாப்பி என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளங்கை அகலத்தில் சதுரமாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடு. அதற்குள் வட்டமாக ஒரு மெல்லிய படலம். கம்ப்யூட்டரில் அடித்ததையெல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் பதிந்து எடுத்துப் போவார்கள். நான் சொல்லும் வருஷத்தில் பென்டிரைவே பழைய சமாச்சாரம் ஆகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் லேப்டாப் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்தில், யாரும் சீந்தாத ஒரு பிளாப்பிக்குள் எங்கள் அப்பாவின் தலையெழுத்து கிடந்தது.

நெய்வேலிப் பக்கத்தில் மனிதர்களை இரண்டாகத்தான் பிரிப்பார்கள். பர்மனென்ட், கான்ட்ராக்ட். என் அம்மாவின் அண்ணன் பர்மனென்ட். டவுன்ஷிப்பில் பதினாறாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம், பின்னால் வாழை. என் அப்பா கான்ட்ராக்ட். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற கேங்கில் ஒருத்தர். இருவரும் போவது ஒரே பள்ளம், தின்பது ஒரே தூசி. ஆனால் மாமா வீட்டுக்கு நாங்கள் போனால் தரையில் உட்காருவோம், மாமா நாற்காலியில் உட்காருவார். யாரும் சொல்லி அப்படி உட்காரவில்லை, தானாகவே அப்படித்தான் நடக்கும்.

நாங்கள் முத்தாண்டிக்குப்பத்தில் ஷீட் போட்ட வீட்டில் இருந்தோம். அந்த வருஷம் சங்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. ரொம்ப காலமாக வேலை செய்கிற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு லிஸ்ட் போடுகிறார்கள், சீனியாரிட்டிப்படி மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பர்மனென்ட் ஆவார்கள் என்றார்கள். அப்பாவின் கேங்கில் ஒன்பது பேர். அவர்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு வருஷம் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தார்கள். அந்த ஆறு வருஷத்துக்கு அத்தாட்சி காட்டினால் லிஸ்டில் மேலே வருவார்கள். காட்டாவிட்டால் அடியில்தான். அடியில் விழுந்தால் தலை நரைத்து வெளியே வரும்வரை கான்ட்ராக்ட்தான்.

அந்தக் கான்ட்ராக்டர் செத்துப்போயிருந்தார். வருகைப் பதிவு நோட்டுகளை எல்லாம் அவர் வீட்டில் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். அவரிடம் கிளார்க்காக இருந்தவர் நெல்லிக்குப்பத்துக்காரர், கிறிஸ்தவர், கணக்காக நடந்துகொள்கிற மனுஷன். மாசாமாசம் ஆள் வந்த நாளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்து, ஒரு காப்பியை பிளாப்பியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். அப்பா ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்து வாங்கி வந்தார். பிரிண்ட் மட்டும் எடுத்து வையுங்கள், திங்கட்கிழமை காலையில் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று கிளார்க் சொல்லி அனுப்பியிருந்தார். கான்ட்ராக்டரின் மகனும் சீல் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை சாயந்தரம்தான் சங்கத்தில் கொடுக்கக் கடைசி.

ஒரு பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டுத்தான் அந்த பிளாப்பி வந்தது. கிளார்க் சொன்ன ஒரே எச்சரிக்கையை அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் எங்களுக்குச் சொன்னார்.

"தூசி மட்டும் படக்கூடாதாம். இது ஒண்ணுதான் இருக்குதாம், வேற காப்பி இல்லியாம்."

தூசி படக்கூடாது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒரு வார்த்தையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் ஒரு கட்டம் போட்ட காகிதம் கொடுத்திருந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி, வேலை செய்த நாள் என்று வரிசையாகக் கட்டங்கள். அதற்குப் பெயர் பார்மட். லிஸ்ட் இந்த பார்மட்டில் இருந்தால்தான் வாங்குவார்கள், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சங்கத்துக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அதே பேச்சு. பார்மட் இருக்குதா, பார்மட்டுல வருமா, பார்மட்டுல இல்லன்னா போச்சு. சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி என் அம்மாகூட பார்மட் பார்மட் என்று பேசிக்கொண்டிருந்தாள். ஷிப்டு, கேங்கு, பாஸ், சீனியாரிட்டி என்று எத்தனையோ இங்கிலீஷை அவர்கள் காதால் படித்தவர்கள். இதையும் அப்படித்தான் படித்தார்கள்.

பிளாப்பி வந்துவிட்டது, போட்டுப் பார்க்க மிஷின் வேண்டுமே. சனிக்கிழமையே அப்பா மெயின் பஜாரில் இருந்த நெட் சென்டருக்குப் போனார். அங்கே இருந்த பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மியூசியத்துக்குக் கொண்டு போங்க என்றானாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் அரசாங்க லேப்டாப் இருந்தது. நான் பிளாப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த லேப்டாப்பை நாலு பக்கமும் தடவிப் பார்த்தோம். இதை நுழைக்க அதில் வாயே இல்லை. கடைசியில் அம்மாதான் சொன்னாள், எங்கண்ணன் வூட்டுல இருக்குது என்று.

இருந்தது. ஏதோ ஓர் ஆபீஸில் இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலத்தில் விட்ட கம்ப்யூட்டரை மாமா எடுத்து வந்து கூடத்தில் வைத்திருந்தார். அதற்கு அத்தை பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். ஆயுதபூஜைக்கு அதற்குப் பொட்டு வைப்பார்கள். மாமா அதில் சீட்டாடுவார். வேறு ஒன்றும் செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் யாராவது கேட்டால் 'என் சிஸ்டம்' என்றுதான் சொல்லுவார். போனில் அம்மா விஷயத்தைச் சொன்னதும், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல வாங்க, நான் ஃப்ரீயா இருப்பேன் என்று டாக்டர் மாதிரி நேரம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்பா ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார். காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது, கையெல்லாம் பிசின். அம்மாவிடம் முந்திரிக்கொட்டைப் பை. அதனால் பிளாப்பி என் கைக்கு வந்தது. பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள். நானும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

டவுன்ஷிப்பை நெருங்கும்போது அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஒன்று எதிரே வந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். லாரியைக் கண்டதும் கை தானாக ஜன்னலுக்குப் போகும். வீட்டிலும் அப்படித்தான். காற்று திரும்பினால் துணியை எடு, பானையை மூடு, ஜன்னலைச் சாத்து. மூடினால் தூசி வராது, திறந்திருந்தால் வரும். நான் நடக்கப் பழகும்போதே பழகிய பாடம் அது. பஸ் ஷட்டரை இழுத்து விட்டேன். விட்டுவிட்டு மடியைப் பார்த்தால் பால் கவரின் வாய் பிரிந்திருக்கிறது. பிளாப்பியின் மூலையில் சதுரமாகச் சின்னதாய் ஓர் ஓட்டை. அந்தப் பக்கமிருந்து என் பாவாடைப் பூ தெரிகிறது. இத்தனை நேரம் இதைத் திறந்து போட்டுக்கொண்டா வந்தோம்? தடவிப் பார்த்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் நகரும்படி ஒரு துண்டு இருந்தது. நகத்தால் தள்ளினேன். டக் என்று நகர்ந்து ஓட்டையை அடைத்துக்கொண்டது. தூசி போக இனி வழி இல்லை. எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமா குளித்து விபூதி பூசி உட்கார்ந்திருந்தார். பலாப்பழத்தை அத்தை பின்கட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். மாமா உறையை எடுத்து மடித்து வைத்தார், ஸ்விட்சைப் போட்டார், மிஷின் முனகி முனகி எழுந்திருக்கவே ஒரு காபி குடிக்கும் நேரம் ஆனது. பிளாப்பி நுழைக்கிற வாயில் ஒட்டடை தெரிந்தது. அதில் யாரும் ஒன்றையும் நுழைத்து வருஷக்கணக்காகியிருக்கும். மாமா வாயால் ஊதிவிட்டு பிளாப்பியைத் தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. கிர்ர், டக், கிர்ர், டக் என்று சத்தம். அப்பா எழுந்து மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. இங்கிலீஷில் ஏதோ கேட்டது. மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார். எல்லாம் விட்டுப்போய் ஒரு சொல் மட்டும் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. பார்மட்.

"பார்மட்டுல இல்லன்னு சொல்லுது மாப்ள," என்றார் மாமா. "இப்ப பார்மட் பண்ணட்டுமான்னு கேக்குது."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சங்கத்தில் எப்படிக் கேட்டார்களோ அப்படியே மிஷினும் கேட்கிறதே! ஆமாங்க மச்சான், பார்மட்டுலதான் வேணும், பண்ணச் சொல்லுங்க என்றார். மாமா ஒரு தட்டு தட்டினார். இன்னொரு பெட்டி வந்தது. அதில் மஞ்சளாக ஒரு முக்கோணம் இருந்தது. மாமா இந்த முறை உடனே தட்டவில்லை. மூக்கைச் சொறிந்தார். எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், அன்றைக்கு ஒரு நிமிஷம் தயங்கினார்.

"என்னமோ எரேஸ்னு வேற போட்டிருக்குது மாப்ள. யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுகினு பண்ணலாமா?"

"இனிமே யார மச்சான் தேடுறது? நாளைக்கு கடைசி. பார்மட்டுல இல்லன்னா வாங்க மாட்டாங்க. குடுங்க."

மாமா கொடுத்தார். ஒரு பட்டை ஓடி முடிந்தது. அப்புறம் திறந்தால் ஒன்றுமில்லை. ஓர் எழுத்து இல்லை. எடுத்து எடுத்துப் போட்டார்கள். வெள்ளையாகவே இருந்தது. மாமா பிளாப்பியை வெளியே எடுத்துவிட்டு, காலி பிளாப்பியக் குடுத்து அனுப்பியிருக்கான் மாப்ள அந்த ஆளு என்றார். அப்பா நம்பினார். நானும் நம்பினேன். வரும்போது பஸ்ஸில் அந்தக் கிளார்க்கை அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கேங்கு மொத்தமும் எங்கள் வாசலில் நின்றது. மாமாவையும் அம்மா வரவழைத்திருந்தாள், படித்த ஆள் ஒருத்தர் பேசட்டும் என்று. கிளார்க் சொன்ன நேரத்துக்குப் பேனாவோடு வந்து இறங்கினார், பாவம். இறங்கியதுமே நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். காலி பிளாப்பியைக் கொடுத்து ஏமாற்றப் பார்க்கிறாயா, எவனிடம் காசு வாங்கினாய் என்று ஒருத்தர் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார். பிளாப்பியைக் கேட்டு வாங்கினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இந்த ஓட்டைய நான் தொறந்து வெச்சிதாங்க குடுத்தேன். தொறந்திருந்தா பூட்டுன மாதிரி. எந்த மிஷினும் இதுல கை வைக்க முடியாது. இத யாரு மூடுனது?"

நல்ல பூட்டு! திறந்தால் பூட்டு, மூடினால் திறப்பு. எந்தக் கிறுக்கன் உட்கார்ந்து யோசித்தானோ தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த வாக்கியம் முழுதாகப் புரியவில்லை. யார் மூடினது என்ற கேள்வி மட்டும் புரிந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை நான். வாசற்படியில் நின்றுகொண்டு, நான்தான் மூடினேன், தூசி போவக்கூடாதுன்னு மூடினேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஒன்பது வீட்டுக் கண்ணும் என் பக்கம் திரும்பின. கிளார்க் மட்டும் தலையை ஆட்டினார். நியாயமான மனுஷன், அவர் இன்னொன்றையும் சொன்னார்.

"மூடுனா மட்டும் தானா அழிஞ்சிடாதுங்க. யாராச்சும் பார்மட் குடுத்திருந்தாதான் அழியும். குடுத்தீங்களா?"

கேங்கில் ஒருத்தர் உடனே சட்டைப்பையிலிருந்து அந்தக் கட்டம் போட்ட காகிதத்தை எடுத்து நீட்டினார், பார்மட் எங்ககிட்டயே இருக்குதுங்க என்று. கிளார்க், அதில்லைய்யா என்றார். எனக்கும் பார்மட் என்றால் அந்தக் காகிதம்தான், அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் காது மடல் ரெண்டும் சிவந்துபோயிருந்தது. பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார். அவர் பேசுவாரென்று மாமா எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது இப்போது யோசித்தால்தான் தெரிகிறது. அப்பா வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் மாமா பேசினார்.

"நாங்க எதுக்குக் குடுக்கறோம்? போட்டோம், காலியா இருந்துச்சி. வழி முழுக்க புள்ள கைலதான் இருந்துச்சி. எத நோண்டிச்சோ, இன்னா பண்ணிச்சோ."

அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். வெண்ண தெரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடச்சிட்டியேடி என்று ஒருத்தர் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்னொருத்தர் காறித் துப்பிவிட்டுப் போனார். அம்மா என்னை உள்ளே இழுத்துப்போட்டுத் துடைப்பத்தால் அடித்தாள். கை ஓயும்வரை அடித்தாள். சங்கத்தில் பிரிண்ட் இல்லாமல் வாங்கவில்லை. ஒன்பது பேரும் லிஸ்டின் அடிக்குப் போனார்கள். அதில் இரண்டு பேர் கான்ட்ராக்ட்டாகவே செத்தும் போனார்கள். அவர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போனபோது, ஒரு கிழவர் என்னைக் காட்டி, இதுதான் அந்தப் பொண்ணு என்று பக்கத்து ஆளிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அந்த ஆத்திரத்தை எல்லாம் நான் மாமா மேல் கொட்டினேன். என்னைக் காட்டிக் கொடுத்தது அவர் வாய்தானே. மறுவருஷம் நான் பெரியவளானபோது, வழக்கப்படி ஓலைக் குச்சு கட்டிக் கொடுக்க மாமன் வந்தார். தென்னங்கீற்றை அவர் கையாலேயே முடைந்து கட்டினார். நான் அதற்குள் போகமாட்டேன் என்றேன். அவர் வைத்த சீர்ப் புடவையைக் கட்டிக்கொள்ளாமல் பக்கத்து வீட்டு அக்காவின் பழைய தாவணியைச் சுற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். சபையில் ஒரு தாய்மாமனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அவர் சாப்பிடாமல் போனார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்புறம் அவர் வீட்டுப் படியை நான் மிதிக்கவே இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கடலூரில் பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம், லேபில் என் பென்டிரைவைச் செருகினேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. அதே வாக்கியம். இப்போது எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும். இது பார்மட் ஆகவில்லை, இப்போது பார்மட் செய்யட்டுமா? பின்னால் நின்ற மேடம், 'யெஸ்' குடுத்துடாதம்மா, மிஷினால படிக்க முடியலன்னாலும் இப்பிடித்தான் கேக்கும், உள்ள இருக்கறது எல்லாம் போயிடும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். பார்மட் என்றால் அழிப்பது. கூடத்தில் நின்ற அப்பாவின் குரல் வரிசையாகக் காதில் வந்தது. பண்ணச் சொல்லுங்க. இனிமே யார மச்சான் தேடுறது. குடுங்க.

தெரியாமல் செய்தது தப்பில்லை. அதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்த அவசரத்தில், அந்த ஆசையில், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் கிளார்க் வாயைத் திறந்து, பார்மட் கொடுத்தால் அழியும் என்று சொன்னாரே, அந்த நிமிஷத்திலிருந்து அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நின்றார். என்னை அம்மா அடித்தபோது வெளியே நின்றார். மூன்று வருஷம் நான் ஓட்டையாக இருந்தபோதும் அவருக்குத் தெரியும். குச்சுக்குள் போகமாட்டேன் என்று நான் அழிச்சாட்டியம் செய்தபோதும், தாய்மாமன் தலைகுனிந்து போனபோதும் தெரியும். இதை எப்படிப் பொறுப்பது, சொல்லுங்கள்.

அன்றைக்கே பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். அப்பா பஸ்ட் ஷிப்டு முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். எதிரே நின்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுக்கவில்லை. யார் சொன்னது என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்த எட்டு பேரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது பாப்பா? தெனம் ஒரே பெல்ட்டுல நிக்கணும். நீ சின்னப் புள்ள, உன்ன யாரு இன்னா பண்ணிடப் போறாங்கன்னு நெனச்சிட்டேன்."

இன்னா பண்ணிடப் போறாங்க! நான் அந்த இடத்தைவிட்டு வந்துவிட்டேன். மூன்று மாசம் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார், சாப்பிட்டேன் என்கிறேன். ஆனால் கோபம் போய்விட்டது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். மாமாவிடம் போய் நின்று காலில் விழுந்தேன். எப்பவோ நடந்ததும்மா என்று எழுப்பிவிட்டார். அதுவும் என்னைச் சுட்டது.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்தத் திங்கட்கிழமை சாயந்தரம்தான். கேங்கு கலைந்து போய், அம்மாவும் அழுது ஓய்ந்த பிறகு, அப்பா சைக்கிளை எடுத்து என்னை முன்னால் ஏற்றிக்கொண்டார். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. பண்ருட்டி ரோட்டில் ஒரு கடையில் நிறுத்தி ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். துடைப்பக்குச்சி பட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். ஊரே என்னை வைத அன்றைக்கு ஒரு வார்த்தை வையாத ஒரே ஆள் அவர்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெரியாம மூடிட்டேன்பா, என்ன மன்னிச்சிடுப்பா, இனிமே எதையும் தொட மாட்டேன் என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அப்பா வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. என் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தேன். அப்புறம் என் முகத்தைத் துண்டால் துடைத்து, போவுது வுடு பாப்பா, அப்பா மன்னிச்சிட்டேன் என்றார். நானும் நிம்மதியாகக் குடித்து முடித்தேன்.